பத்து ஞாயிற்றுக்கிழமை வைத்தியர்

நம் பக்கத்தில் சமீப காலமாகப் பெருகிவரும் ஓர் இனத்தைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் வணக்கம் என்று கை கூப்பினால், கூப்பிய கையைப் பிரித்து அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். மணிக்கட்டின் மேல் மூன்று விரல் உட்காரும். கண் மூடும். உதடு ஒரு பக்கம் கோணும். கல்யாண மேடையில் மொய்க்கவரை நீட்டிய கையானாலும் சரி, டவுன் பஸ்சில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டிய கையானாலும் சரி, இழவு வீட்டில் அழுது ஓய்ந்த கையானாலும் சரி, இவருக்கு எல்லாம் ஒன்றுதான். "கல்லீரல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையைத் திருப்பித் தருவார். அதுவரை நன்றாக இருந்த மனுஷர் வீட்டுக்குப் போய்க் கல்லீரல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தடவிப் பார்க்க ஆரம்பிப்பார்.

இவர் டாக்டரா? இல்லை. டாக்டர் என்று சொன்னால் கோபம்கூட வரும். இவர் ஹீலர். அக்குபங்சர் ஹீலர். முறையாக வருஷக்கணக்கில் படித்து, ஊசியைச் சுத்தமாகக் கையாண்டு, தன் கைக்கு மீறியதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிற அக்குபங்சர்காரர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை, அவர்கள் பஸ்சில் யார் கையையும் பிடிப்பதில்லை. நாம் பேசுவது பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழுத்தவரைப் பற்றி.

ஏம்பலத்துக் கலைவேந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு காணி நெல், மூன்று காணி கரும்பு, ஒரு டிராக்டர், ஐம்பது வயது. வேலையை ஆட்கள் பார்த்துக்கொள்வதால் கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கைக்கு விழுப்புரத்தில் ஒரு வகுப்பு கிடைத்தது. பத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாம்பார் சாதம், முடிவில் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ். பதினோராவது ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் போர்டு ஏறிவிட்டது. கார் நிற்கிற ஷெட்டு சிகிச்சைக் கூடமானது. கார் தெருவுக்குப் போய் வேப்பமரத்தடியில் காக்காய் எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது.

ஷெட்டின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். மொட்டைத் தலையும் வெற்றுடம்புமாக ஒரு சீனாக்காரர். உடம்பெல்லாம் சிவப்புக் கோடு, நீலக் கோடு, கோட்டுக்குக் கோடு புள்ளி. வருகிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கலைவேந்தனின் மனைவி ஜெயசுதா, தினசரி காலண்டரின் அட்டையைக் கிழித்துச் சீனாக்காரரின் இடுப்பில் ஒட்டிவிட்டார். அதில் ஓர் உரக்கடையின் விளம்பரம் இருந்தது. ஜெயசுதா போட்ட சட்டம் இன்னொன்றும் உண்டு. "எவன் உடம்புலயாவது ஊசி குத்துனீங்கன்னு தெரிஞ்சுது, இந்த வூட்ல உங்களுக்கு ஒல வைக்க மாட்டேன்." அதனால் கலைவேந்தன் ஊசியைத் தொடுவதில்லை. விரலால்தான் தொடுவார். "ஊசியெல்லாம் பழைய டெக்னாலஜி" என்று அதற்கொரு காரணமும் வைத்திருந்தார்.

டீக்கடையில் யாருக்காவது தலைவலி என்று வாய் தவறி வந்துவிட்டால் போதும். உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில், சதை மேடு தட்டுகிற அந்த இடம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு புள்ளி. அதை நகத்தால் அமுக்குவார். நீங்கள் "ஆ" என்பீர்கள். "வலிக்குதா? வலிச்சா அடைப்பு கீதுன்னு அர்த்தம்." வலிக்கவில்லை என்றால்? "வலிக்கலையா? அப்ப அடைப்பு முத்திப்போச்சு." எப்படிச் சொன்னாலும் அடைப்பு உங்களுக்குத்தான்.

அமுக்கிக்கொண்டே சரித்திரமும் சொல்வார். "அஞ்சாயிரம் வருசம் சார்! சண்டையில ஒரு சிப்பாய்க்குக் கால்ல அம்பு தைக்குது. தைச்சதும் அவனுக்கு இருந்த தோள்வலி போயிடுது. அங்கதான் ஆரம்பம். மொதல்ல கல்லுல ஊசி, அப்பறம் எலும்புல, அப்பறம் வெண்கலம், வெள்ளி, தங்கம்." இதில் கதை எவ்வளவு, சரித்திரம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு முத்தாய்ப்பாக ஒன்று வரும்: "அந்தச் சீனாக்காரனே நம்ம சித்தருங்க கிட்ட கத்துக்கினு போனவன்தான்." டீக்கடை தலையாட்டும். யார் எதைக் கண்டுபிடித்தாலும் நம்மிடம் கற்றுக்கொண்டு போனதாகச் சொன்னால் தலையாட்டாத டீக்கடை உண்டா?

அவருக்கு மிகவும் பிடித்த கதை வெண்கல மனுஷன் கதை. இது நிஜமாகவே நடந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சீனப் பேரரசர் ஆள் அளவுக்கு வெண்கலத்தில் ஓர் உருவம் செய்ய வைத்தார். உடம்பெங்கும் புள்ளி இருக்கிற இடங்களில் துளை. பரீட்சையன்று உள்ளே தண்ணீரை நிரப்பி, மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். மாணவன் சரியான இடத்தில் ஊசி குத்தினால் தண்ணீர் வரும். ஊசி வளைந்தால், வீட்டுக்குப் போய் இன்னும் படித்துவிட்டு வர வேண்டும். கலைவேந்தன் இந்தக் கதையைக் கண் கலங்கச் சொல்வார். விழுப்புரத்தில் அவருக்கு வைத்த பரீட்சை என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையைத் தொட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர் கையைத் தொட்டார், இருவரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், இருவரும் பாஸ். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அதே சீனாவில் இன்னொரு பேரரசர் இந்த ஊசி வைத்தியத்தை அரசாங்க மருத்துவப் பள்ளியிலிருந்தே எடுத்துவிட்டார் என்கிற செய்தி மட்டும் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வரவில்லை. ஒருவேளை சாம்பார் சாத நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

இப்போது சாமிக்கண்ணுவுக்கு வருவோம். கலைவேந்தனின் கரும்புக் கொல்லைக்கு முப்பது வருஷமாகத் தண்ணீர் கட்டுகிறவர். அறுபது வயது. எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை நினைவு வந்தால் போடுவார், வராவிட்டால் விட்டுவிடுவார்.

ஒருநாள் மோட்டார் கொட்டகையில் கலைவேந்தன் அவரைப் பார்த்து, "சாமிக்கண்ணு, கையக் குடு" என்றார்.

சாமிக்கண்ணுவுக்குப் புரியவில்லை. மண்வெட்டியைக் கேட்கிறாரோ என்று அதை நீட்டினார். "அத்த கீழ வையி. கை, கை." கலைவேந்தனின் தாத்தா காலத்திலிருந்து சாமிக்கண்ணுவின் ஆட்கள் அந்த நிலத்தில்தான் வேலை. தண்ணீரைக்கூட மேலிருந்து ஊற்ற, கீழே கையேந்திக் குடித்த வம்சம். அந்த வீட்டு ஆண் ஒருவர் இவர் கையை வலியக் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. சாமிக்கண்ணு கையைக் கைலியில் இரண்டு முறை துடைத்துவிட்டு நீட்டினார். மூன்று விரல் உட்கார்ந்தது. கண் மூடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சாமிக்கண்ணுவுக்கு என்னவோ செய்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அவருக்கு அது பிடித்திருந்தது.

"மண்ணீரல்" என்றார் கலைவேந்தன். "மாத்திர துன்றியா?"

"ஆமாங்க ஐயா."

"இன்னியோட நிறுத்து. மாத்திர வெசம். நான் தெனம் ஒரு புள்ளி தொடறேன். ஒடம்புக்குத் தெரியும், அதுவா சரி பண்ணிக்கும்."

"சரிங்க ஐயா."

இந்தச் "சரிங்க ஐயா" இருக்கிறதே, முப்பது வருஷமாக மடையைத் திற என்றாலும் மூடு என்றாலும் சாமிக்கண்ணு சொல்லிவந்த அதே சொல்தான். அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. வாய் அதுவாகச் சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது பயம் பிடித்தது. மாத்திரையை நிறுத்தினால் கால் அழுகும் என்று நர்சு அம்மா சொல்லியிருக்கிறார். நிறுத்தவில்லை என்று சொன்னால் ஐயா கையை விட்டுவிடுவார். சாமிக்கண்ணு இரண்டுக்கும் ஒரு வழி கண்டார். மாத்திரைப் பட்டையைக் கைலி மடிப்பில் இடுப்பில் சொருகிக்கொண்டார். காலையில் ஐயா தொட்டுவிட்டுப் போனதும், வாய்க்கால் ஓரம் குனிந்து ஒன்றை வாயில் போட்டு ஒரு கை தண்ணீர் குடித்தார். சாயந்திரமும் அப்படியே. பயத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. எட்டு வருஷமாக நர்சு அம்மா கரடியாய்க் கத்தியும் நடக்காத காரியம், ஹீலர் நிறுத்தச் சொன்னதும் நடந்துவிட்டது.

மூன்று மாதத்தில் சர்க்கரை இருநூற்று எண்பதிலிருந்து நூற்று முப்பதுக்கு இறங்கியது. விளைவை நிரூபிக்க மாதாமாதம் டெஸ்ட் மட்டும் எடுத்துவரச் சொன்னவர் கலைவேந்தனே. நோட்டில் நர்சு எழுதிய எண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்தார். கரும்புக்கு முன்னால் சாமிக்கண்ணுவை நிறுத்தினார்.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"ஆமாங்க ஐயா."

"எத்தினி மாசம்?"

"மூணு மாசங்க."

"இப்ப எப்பிடி கீது?"

"நல்லா கீதுங்க." இந்த ஒன்று மட்டும் உண்மை.

அந்த வீடியோ சீனாக்காரர் படத்தை முகப்பாக வைத்த வாட்ஸப் குழுவில் ஏறியது. அங்கிருந்து மண்ணாடிப்பட்டு, பாகூர் என்று குழு குழுவாகத் தாவியது. கீழே கைகூப்பிய படங்கள் நூறு. அதை அனுப்பியவர்களில் ஒருவராவது சாமிக்கண்ணுவை நேரில் பார்த்து விசாரித்தாரா? எதற்கு? அதுதான் அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே.

அந்த வருஷம் தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைவேந்தன் இலவச முகாம் வைத்தார். ஷெட்டு நிறைய வாடகை நாற்காலி, நாற்பது பேர். சாமிக்கண்ணு தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று இரண்டு வேலை: ஒன்று கேன், இன்னொன்று சாட்சி. கூப்பிட்டதும் வந்து நின்று, "மாத்திரைய நிறுத்திட்டேங்க" என்று சொல்ல வேண்டும்.

கேனை இறக்கி வைத்து நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் ஒரு தெரிந்த முகம். கரையாம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட அவர் அக்கா காசம்மாள். வலது காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. துணியில் ஈ.

"யக்கா, நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"நீதாண்டா போன்ல சொன்ன, மாத்திரய வுட்டுட்டு நல்லா கீறேன்னு. எம் மருமவ காட்டுச்சு. நானும் அத்தோட வுட்டுட்டேன். ரெண்டர மாசம் ஆவுது. தோ, கால்ல சின்னதா ஒரு புண்ணு. ஐயாகிட்ட காட்னா தொட்டுவுடுவாருன்னு வந்தேன்."

சாமிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் காசம்மாளின் முறை வந்துவிட்டது. கலைவேந்தன் துணியைப் பிரித்தார். முன்வரிசை மூக்கைப் பொத்தியது. இரண்டாவது விரல் கறுத்திருந்தது.

பார்த்தவுடன் எவருக்கும் பதறும். ஹீலருக்குப் பதறாது. அந்த இனத்தின் அகராதியில் நோய் முற்றுவதற்கு வார்த்தையே கிடையாது. காய்ச்சல் வந்தால் கழிவு வெளியேறுகிறது. வாந்தி எடுத்தால் கழிவு வெளியேறுகிறது. மயங்கி விழுந்தால் உடம்பு ஓய்வு கேட்கிறது. "அருமை!" என்றார் கலைவேந்தன். "எல்லாரும் பாருங்க. ஒடம்பு கழிவ எங்க தள்ளிக்கீது பாருங்க. வேல நடக்குது! அம்மா, கையக் குடுங்க." மூன்று விரல் உட்கார்ந்தது.

"ஐயா" என்றார் சாமிக்கண்ணு.

"இருடா, உன்னக் கூப்புடறேன்."

"ஐயா, நா மாத்திரய நிறுத்தலீங்க."

சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் கேட்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம். கைலி மடிப்பை அவிழ்த்துப் பட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். "ஒரு வேள தவறாம துன்னுகினுதான் கீறேன். பயந்துகினு உங்ககிட்ட சொல்லல. நா பொய் சொல்லி எங்கக்கா கால் போவுது. யக்கா, நா சொன்னது பொய்யி, எய்ந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

நாற்பது பேரும் கலைவேந்தனைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நீங்களாகவோ நானாகவோ இருந்தால் வெட்கத்தில் சீனாக்காரர் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருப்போம். கலைவேந்தன் முகமும் ஒரு கணம் வெளுத்துத்தான் போனது. பிறகு மெல்ல, மிக மெல்ல, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்தப் பட்டைய எங்க வெச்சிருந்த?"

"மடியிலங்க."

"அஞ்சாறு மாசமா?"

"ஆமாங்க."

"இடுப்புல, அழுந்தினாப்பல?"

"ஆமாங்க."

கலைவேந்தன் துள்ளி எழுந்தார். குச்சியை எடுத்துச் சீனாக்காரரின் இடுப்பைத் தட்டினார். உரக்கடை விளம்பரத்துக்குச் சற்று மேலே. "பாத்தீங்களா? இடுப்பச் சுத்தி பெல்ட் மாரி ஒரு பாத ஓடுது. சீனாக்காரன் அஞ்சாயிரம் வருசத்துக்கு முன்ன எழுதி வெச்சிக்கிறான். இவன் அஞ்சாறு மாசமா ராவும் பகலும் அந்தப் புள்ளிய அமுக்கி வெச்சிருக்கான்! வவுத்துக்குள்ள போன மாத்திர இல்ல சார், இடுப்புல இருந்த மாத்திரதான் வேல செஞ்சிக்கீது!"

ஷெட்டில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நிம்மதிப் பெருமூச்சு. பாகூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்று கேட்டார்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெயசுதா கார் சாவியோடு வெளியே வந்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "சாமிக்கண்ணு, அக்காவப் புடி. வண்டில ஏத்து." வேப்பமரத்தடியில் நின்ற காரின் கண்ணாடியில் காக்காய் எச்சத்தை முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாமிக்கண்ணு அந்தக் காரை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறார். ஏறியது அன்றுதான்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்றார்கள். மூன்றாம் நாள் கலைவேந்தன் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம், அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஊர் எப்போதோ சுதாரித்திருக்கும். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் காசம்மாளின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார்.

காசம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தார். "கைய வுடு சாமி. எடுத்தது கால்ல" என்றார்.

அடுத்த வாரம் மோட்டார் கொட்டகை. முகாமுக்கு வந்தவர்களில் பதினோரு பேர் இப்போது மாத்திரைப் பட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவதாகவும், அதில் நான்கு பேர் விழுங்குவதை விட்டுவிட்டதாகவும் கலைவேந்தன் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு எதுவும் நடக்காதது போல, "சாமிக்கண்ணு, கையக் குடு" என்றார்.

சாமிக்கண்ணு கையைப் பார்த்துக்கொண்டார். அந்த மூன்று விரல் மணிக்கட்டில் உட்காரும் சுகம் அவருக்கு மறக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை அழுக்கா கீதுங்க ஐயா. தொடாதீங்க."

அந்த வீட்டு ஆட்கள் அவருடைய அப்பனுக்கும் பாட்டனுக்கும் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம். கலைவேந்தனின் மூன்று விரலும் காற்றில் நின்றன. சாமிக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போய்விட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்லவேளை நமக்கு இந்தப் பைத்தியம் இல்லை என்று நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற இடத்தில் ஒரு புள்ளி என்று மேலே சொன்னேனே, அதைப் படித்தபோது அங்கே லேசாக அமுக்கிப் பார்த்தீர்களா, இல்லையா? பொய் சொல்ல வேண்டாம், இங்கே யாரும் வீடியோ எடுக்கவில்லை. கொஞ்சம் இதமாக இருந்ததுபோலத் தோன்றியதா? பக்கத்தில் தலைவலி என்று யாராவது படுத்திருக்கிறார்களா, சொல்லிப் பார்க்கலாமே என்று மனசு ஓடியதா? அப்படியானால் உங்களுக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி.